ஒன்றுமில்லை என்று வந்த கடிதம்

மலத்தைப் பற்றி மைக் பிடித்துப் பேசுவது லேசுப்பட்ட காரியமா? அதுவும் வெக்ஸ்போர்ட்டில், புலம்பெயர்ந்த தமிழர்களின் சமூக நிலையத்து மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம், வடைத்தட்டு மேசை மேசையாக வந்துகொண்டிருக்கும் நேரத்தில்! ரதி பேசினாள். நாலு வருடமாக விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது தாண்டியவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலத்தைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும், டொக்டரிடம் கேட்டால் வீட்டுக்கே பெட்டி வரும், உள்ளே விரல் நீளத்தில் ஒரு குழாய் இருக்கும், அதன் மூடியோடு ஒரு குச்சி இருக்கும், குச்சியால் தொட்டுக் குழாய்க்குள் விட்டு, எடுத்த திகதியை எழுதித் தபாலில் போட்டால் முடிந்தது, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும், பெருங்குடல் புற்றுநோயை முளையிலேயே பிடித்துவிடலாம் என்று சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கதவோரத்தில் முந்நூற்றிநாலு விளையாடும் ஆண்களோ சீட்டிலிருந்து கண்ணையே எடுக்கமாட்டார்கள்.

ரதி சும்மா பொழுதுபோகாமல் இதற்குள் இறங்கியவள் இல்லை. அவளோடு ஒன்றாக வேலைசெய்த ஒருத்தி மார்பில் வந்த கட்டியைப் பதினொரு மாதம் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்து செத்துப்போனாள். செத்த வீட்டுக்குப் போய் வந்த அன்றே ரதி சமூக நிலையத்தில் பெயர் கொடுத்தாள். அவளுடைய வாய்க்கு அங்கே நல்ல மரியாதை இருந்தது. 'ரதி அக்கா பிடிச்சால் விடமாட்டா' என்று பெண்கள் சொல்வார்கள். கொஞ்சம் பயமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளால் அசைக்க முடியாத ஒரே மனிதர் அந்தச் சீட்டு மேசையில்தான் இருந்தார். அவளுடைய கணவர் நவரட்ணம். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் நின்று உழைத்து ஓய்வெடுத்தவர். வயது அறுபத்து மூன்று. தலையிடிக்குக்கூட மாத்திரை போடமாட்டார். மனைவி மைக்கைக் கையில் எடுத்தால் அவருக்குக் காது அடைத்துவிடும்.

"அண்ணை, அக்கா உங்களைத்தான் கூப்பிடுறா. குச்சியோடை வரட்டாம்," என்று நீக்கிலாப்பிள்ளை சீட்டைப் போட்டபடி சொல்வான். நகர பஸ் ஓட்டுகிறவன் அவன். மேசையில் எல்லோரையும்விட இளையவன், நவரட்ணத்துக்கு உடன்பிறவாத தம்பி மாதிரி. அவன் அப்படிச் சொன்னதும் மேசையே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். நவரட்ணம் மட்டும் கொடுப்புக்குள் சிரிப்பார்.

வீட்டில் ரதி அந்தப் பேச்சை எடுத்தால் அவர் எழும்பிப் பல்கனிக்குப் போய்விடுவார். "சீச்சீ! உதைக் குச்சியாலை கிண்டித் தபால்காரனிட்டக் குடுக்கிறதோ? அந்த மனுசன் என்ன பாவம் செய்தவன்? உமக்கு விசரப்பா," என்பார். ரதி கெஞ்சினாள், ஏசினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். எட்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது.

கடைசியில் காரியம் நடந்தது ஒரு பொய்யால். சமூக நிலையத்தில் சுகாதார வேலைகளைப் பார்க்கிற நிரூபா இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள். ஒருநாள் இருபது பெண்களுக்கு முன்னால், "அன்ரி, அங்கிள் செய்திட்டாரா? ஹீ ஷுட் பி த ஃபெஸ்ற் வன், நோ?" என்று கேட்டாள். இருபது சோடிக் கண்களும் ரதியின் முகத்துக்கு வந்தன. ஊருக்கெல்லாம் வாய் கிழியப் படிப்பிக்கிறவள் இல்லை என்று எப்படிச் சொல்வது? "ஓம், ஓம், அவர் எப்பவோ செய்திட்டார்," என்றாள் ரதி.

அன்று வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று அழுதாள். நவரட்ணத்துக்கு மனைவியின் கோபம் பழக்கம், அழுகை பழக்கமில்லை. அடுத்த ஞாயிறு காலை பெட்டியோடு குளியலறைக்குள் போனவர் முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் வெளியே வந்தார். குழாயை இரண்டு விரலால் பிடித்து, கையை நீட்டி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"இந்தாரும். இதுதான் முதலும் கடைசியும். இனி ஆயுசுக்கும் என்னட்டக் கேக்கப்படாது. அம்மாவாணைச் சொல்லிப்போட்டன்."

மனிதர் மனம் மாறுவதற்குள் ரதி அதை உறைக்குள் போட்டு ஒட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு கீழே ஓடித் தபால்பெட்டிக்குள் போட்டாள். திரும்பி வந்து அவருக்கு நெய்த் தோசை சுட்டுக் கொடுத்தாள். அவரும் வீர சாகசம் செய்தவர் மாதிரி ஆறு தோசை சாப்பிட்டார். அந்தக் கிழமை சீட்டு மேசையில் அவரே கதையைத் தொடக்கிவைத்தார். "என்னத்துக்குப் பயப்பிடுறியள்? நான் செய்தனான். ஒண்டுமில்லை, ரெண்டு நிமிச வேலை," என்றார். முக்கால் மணித்தியாலம் எடுத்ததை அவர் சொல்லவில்லை.

ஐந்து கிழமை கழித்து ஒரு கடிதமும் புதிய பெட்டி ஒன்றும் வந்தன. அந்த வீட்டில் இங்கிலீஸ் கடிதம் எல்லாம் ரதியின் இலாகா. நவரட்ணம் உறையைக்கூடத் திருப்பிப் பார்க்கமாட்டார். ரதி மேசையடியில் நின்று வாசித்தாள். மாதிரி எடுத்த திகதி குழாயில் எழுதப்படவில்லை, ஆகையால் பரிசோதிக்க முடியவில்லை, தயவுசெய்து திரும்பவும் எடுத்து அனுப்பவும்.

திகதி! நூறு பேருக்கு, நூற்றைம்பது பேருக்கு, 'திகதியை மறந்துபோடாதேங்கோ' என்று சொன்னவள் அவள். மைக்கில் இரண்டுதரம் சொல்வாள். ரதி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவரிடம் திரும்பவும் கேட்பதா? அம்மாவாணை என்று சொன்ன மனிதர். கேட்டால் செய்யமாட்டார் என்பது ஒருபுறம் இருக்க, சிரிப்பார். ஒரு வருடத்துக்குச் சிரிப்பார். 'ஊருக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்குத் திகதி போடத் தெரியேல்லை' என்று சீட்டு மேசையில் சொல்வார். அவர் சொன்னதை நம்பி அதற்குள் ஒன்பது ஆண்கள் பெட்டி எடுத்திருந்தார்கள், அவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கி எறிவார்கள். இப்படியெல்லாம் ரதி யோசித்தாள். பெட்டி மூன்று நாள் மடித்து வைத்த துவாய்களுக்கு அடியில் கிடந்தது.

நாலாம் நாள், நவரட்ணம் மோலுக்கு நடக்கப் போன நேரத்தில், ரதி தன்னுடையதை எடுத்து அந்தக் குழாய்க்குள் விட்டாள். அவருடைய பெயர் அச்சடித்த குழாய். அவளுடைய சொந்தப் பரிசோதனைக்கு முந்தின மாதம்தான் நல்ல முடிவு வந்திருந்தது. நல்லதைத்தானே அனுப்புகிறேன் என்று ஒரு நினைப்புக்கூட அவளுக்கு வந்தது. நினைப்பைப் பாருங்கள்! மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், இரண்டு வருடம் கழித்து எப்படியாவது உண்மையாகச் செய்விப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு திகதியை எழுதினாள். ஒருமுறை எழுதி, அது மங்கலாக இருக்கிறதென்று அதன் மேலேயே இன்னொருமுறை அழுத்தி எழுதினாள்.

தை மாதம் முடிவு வந்தது. எல்லாம் இயல்பு. அடுத்த பரிசோதனை இரண்டு வருடத்தில்.

நவரட்ணம் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். வீட்டுக்கு வருகிற போகிற எல்லோருக்கும் காட்டினார். மதம் மாறியவனுக்கு வருகிற வேகம் அவருக்கு வந்துவிட்டது. சீட்டுக் கலைத்துப் போடும்போதே, "நீ செய்தனியோ? நீ?" என்று கேட்பார். இருபத்தாறு ஆண்களைச் செய்ய வைத்தார். அஜின்கோர்ட்டில் இருந்து வரும் ஒருவருக்குக் குடலில் வளர்ந்திருந்த தசையை ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தார்கள். விட்டிருந்தால் புற்றுநோயாக மாறியிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். அந்த மனிதர் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து நவரட்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிரூபா நவரட்ணத்தைப் படம் எடுத்து, 'நான் செய்துவிட்டேன், நீங்கள்?' என்று பெரிய எழுத்தில் போட்டு மண்டபத்து வாசலில் ஒட்டினாள். நீக்கிலாப்பிள்ளை மட்டும் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு இன்னும் வயசிருக்கண்ணை," என்று நழுவுவான். ஐம்பத்தாறு வயது அவனுக்கு.

ரதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் நெஞ்சு உறுத்தியது. பிறகு, பொய்யாக இருந்தாலும் நல்லதுதானே நடக்கிறது என்று பழகிவிட்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்?

அடுத்த தை மாதம் ஒருநாள் காலை நவரட்ணம் குளியலறையில் இருந்து வந்து, "இஞ்சாரும், கொஞ்சம் ரத்தம் போகுது. உறைப்புக் கூடிப்போச்சு போலை," என்றார்.

"டொக்டரிட்டக் காட்டுவமப்பா," என்றாள் ரதி.

"என்னத்துக்கு? உது மூலம். எங்கடை அப்பாவுக்கும் இருந்தது." அவர் குளிர்சாதனப்பெட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கை எழுதிக் கிடக்கு, ரெண்டு வருசத்துக்கு ஒண்டுமில்லை எண்டு. நீர்தானே வாசிச்சனீர்."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ரதியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் மண்டபம் இருந்தது, வாசலில் ஒட்டிய படம் இருந்தது, மாம்பழப் பெட்டி இருந்தது, இருபத்தாறு ஆண்கள் இருந்தார்கள். மூலமாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பப் பார்த்தாள். வெந்தயத்தை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் காலை மாலை கொடுத்தாள். உறைப்பை நிறுத்தினாள். வாழைப்பொத்தி வறை செய்தாள். இரண்டு கிழமை நின்ற இரத்தம் திரும்பவும் வந்தது. டொக்டரிடம் போவோம் என்று அவள் சொல்வதும், கடிதத்தை அவர் காட்டுவதும், அதோடு அவள் வாயடைத்துப் போவதும் மாசி, பங்குனி என்று நீண்டுகொண்டே போனது. ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் அந்தக் கடிதத்தைக் கழற்றிக் கிழித்துப் போட்டாள். அவர் வந்து தேடினார். விழுந்து எங்கேயோ போய்விட்டது என்றாள். "பரவாயில்லை, கொம்பியூட்டரிலை இருக்கும்," என்றார் அவர்.

ஆவணியில், அஜின்கோர்ட் மரக்கறிக்கடைக் கார்த்தரிப்பிடத்தில், கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நவரட்ணம் மயங்கி விழுந்தார். உடம்பில் அரைவாசி இரத்தம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். குடலில் இருந்த கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, ஈரல் முழுக்கப் பொரிந்து கிடக்கிறது என்றார்கள். அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

அந்தப் பெண் டொக்டர் கணினியில் பழைய முடிவைப் பார்த்து முகம் வாடிப்போனாள். இந்தப் பரிசோதனையும் சிலவேளைகளில் தவறவிடும், இதில் உங்கள் இருவர் மேலும் எந்தப் பிழையும் இல்லை என்று தன்மையாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் ரதிக்கு மூச்சு வந்தது. கணவருக்கு மரணம் என்று சொல்லிய அறைக்குள் இருந்துகொண்டு, தப்பினேன் என்று அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை நினைத்து அவள் பிறகு எத்தனை நாள் தன்னையே காறித் துப்பினாள் என்பதற்குக் கணக்கில்லை.

வீட்டுக்கு வந்த நவரட்ணம் வேறு மனிதராகிவிட்டார். வருத்தம் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கதைதான். "உது பொய். சுத்தப் பொய். பேய்க்காட்டுறாங்கள். நான் செய்தனான், ஒண்டுமில்லை எண்டு எழுதித் தந்தவங்கள். இப்ப பாருங்கோ என்னை." அவர் எதை அவ்வளவு நம்பினாரோ அதை இப்போது அவ்வளவு வெறுத்தார். அவரை யார் குறைசொல்ல முடியும்? வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அந்தக் கதையைக் காவிக்கொண்டு நகரத்தின் கிழக்கு எல்லையான ரூஜ்வரை போனார்கள். மண்டபத்து வாசலில் இருந்த படத்தை நிரூபா கழற்றினாள்.

கார்த்திகையில் நிரூபா தொலைபேசி எடுத்தாள்.

"அன்ரி, சொறி, இந்த நேரத்திலை உங்களுக்கு கோல் பண்ணக்கூடாது. பட் ஐ டோன்ட் நோ வட் எல்ஸ் ரு டூ. முந்தி மாசம் இருபது பேர் செய்தவை. போன மாசம் ஒராளும் செய்யேல்லை. நவரட்ணம் அங்கிளுக்கே பொய் சொன்ன ரெஸ்ற் எண்டு சொல்லினம். பொம்பிளையளும் மமோகிராமுக்கு வரமாட்டினமாம். நீங்கள் ஒருக்கா வந்து கதைப்பியளா? இட்ஸ் வெரி ரேர் எண்டு சொல்லுங்கோ. உங்களை நம்புவினம்."

"பாப்பம் பிள்ளை," என்று ரதி தொலைபேசியை வைத்தாள். வருடக்கணக்காகக் கட்டியதெல்லாம் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடியது ஒரே ஒரு உண்மை. அது அவளிடம் மட்டும்தான் இருந்தது. இந்த மனிதரிடம் முதலில் சொல்லாமல் மண்டபத்தில் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால், அவருடைய வார்த்தையைக் கேட்டுப் பரிசோதனையைக் கைவிடுகிறவர்களில் எத்தனை பேர் இதே மாதிரிப் படுப்பார்கள்?

மார்கழியில் மருந்து ஏற்றுவதை நிறுத்தினார்கள். பலன் இல்லை என்றார்கள். ஏழாம் மாடி வீட்டின் முன்னறையில், யன்னலோரமாக ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வந்தது. காலையில் தாதி வந்து துடைத்து ஊசி போட்டுவிட்டுப் போவாள். கல்கரியில் இருக்கும் மகன் அபிஷன் தினமும் தொலைபேசி எடுப்பான்.

தை பிறந்து மூன்றாம் நாள், வெயில் இருந்த ஒரு மத்தியானம், ரதி கட்டிலடியில் வந்து நின்றாள். அருகில் உட்கார்ந்து சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

"இஞ்சாருங்கோ. உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லும்."

சொன்னாள். கடிதம் வந்ததை, பெட்டி துவாய்க்கு அடியில் கிடந்ததை, அவர் நடக்கப் போன நேரத்தில் தான் செய்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். நவரட்ணம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரையாகிவிட்டாரோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அப்ப அந்தக் கடிதம் உம்மடையோ?"

"ஓம்."

"என்ரையை என்ன செய்தவங்கள்?"

"எறிஞ்சிருப்பினம்."

"திகதி போடாததாலை."

"ஓமப்பா."

பிறகு கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, "ரத்தம் போகேக்கையும் உமக்குத் தெரியும்," என்றார்.

ரதி ஓமென்று தலையை ஆட்டினாள்.

"ஏழு மாசம். வெந்தயத்தண்ணி தந்தனீர்."

அவ்வளவுதான். ஏசவில்லை, கத்தவில்லை. கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருந்தால்கூட ரதி கும்பிட்டு ஏற்றிருப்பாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்தநாள் காலை தாதியோடு இரண்டு வார்த்தை பேசினார். ரதியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பின்னேரம்தான் நீக்கிலாப்பிள்ளை வந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொப்பியில் இருந்த பனியை வாசலில் தட்டிவிட்டு, ஒரு பொலித்தீன் பையோடு வந்து கட்டிலருகில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். பைக்குள் என்ன இருக்கிறதென்று ரதிக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியாதா?

"அண்ணை, இது வந்து மூண்டு மாசமாகுது. டொக்டர் அனுப்பினவர்," என்றான் நீக்கிலாப்பிள்ளை. "வீட்டிலை மனுசி ஒரே சண்டை, செய் செய்யெண்டு. எங்கடை ஐயாவும் ஐம்பத்தெட்டிலை உந்தக் குடல் கான்சரிலைதானே போனவர். அவளுக்கு அந்தப் பயம். நான் சொல்லிப்போட்டன், நவரட்ணம் அண்ணையைக் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டன் எண்டு. நீங்கள் செய்யெண்டு சொன்னால் இண்டைக்கே செய்யிறன். வேண்டாமெண்டால் விடுறன். ரெண்டு பெட்டையளும் படிக்குதுகள், அதையும் யோசிக்கவேணும்."

ரதி தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்றுவிட்டாள். அவளுடைய உயிர் முழுக்கக் கணவரின் வாயில் இருந்தது. சொல்லுங்கோ, சொல்லித் துலையுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினாள். அவர் சொன்னால் போதும். பிறகு ஊரே காறித் துப்பட்டும், மண்டபத்துப் படி மிதிக்கவிடாமல் துரத்தட்டும், அவள் தயார். உண்மையில் அவள் அதற்கு ஆசைப்பட்டாள். முதல்நாள் மத்தியானத்திலிருந்து அவளுடைய நெஞ்சு அதற்காகத்தான் காத்திருந்தது.

நவரட்ணம் மெல்லத் தலையைத் திருப்பி நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவனைத் தாண்டி ரதியைப் பார்த்தார். முதல்நாளுக்குப் பிறகு அவளை அவர் பார்த்தது அப்போதுதான். நெடுநேரம் பார்த்தார்.

"வேண்டாம். செய்யாதை," என்றார்.

"என்னண்ணை?"

"உது சுத்தப் பொய், நீக்கிலாஸ். நான் செய்து கண்டது என்ன? என்னைப் பார்."

நீக்கிலாப்பிள்ளையின் தோள் இரண்டும் இறங்கின. இவ்வளவு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் மாதிரிச் சிரித்தான். "நானும் உதைத்தான் நினைச்சனான். மனுசிக்கு இனிச் சொல்லலாம், அண்ணையே சொல்லிப்போட்டார் எண்டு." எழும்பி வந்து தேத்தண்ணியை வாங்கிக் கொண்டு, பையை ரதியின் கையில் கொடுத்தான். "அக்கா, உதை உங்கடை குப்பையிலை போட்டுவிடுங்கோ. திரும்ப வீட்டை கொண்டு போனா அவள் விடமாட்டாள்." நின்றபடியே குடித்து முடித்தான். நவரட்ணத்தின் காலைப் போர்வைக்கு மேலால் தடவிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் ரதி கட்டிலடிக்கு ஓடிவந்தாள்.

"ஏனப்பா? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? உங்களுக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுமே."

"உண்மையைச் சொன்னால் உம்மை விடுவாங்களே?" அவருக்கு மூச்சு வாங்கியது. வசனத்தை நிறுத்தி நிறுத்தித்தான் முடித்தார். "எனக்கென்ன, இன்னும் ஒரு மாசம், ரெண்டு மாசம். நான் போனாப்பிறகு நீர் உவங்களுக்குள்ளைதானே இருக்கவேணும். புருசனைத் திண்டவள் எண்டு செத்த வீட்டிலையே துவங்குவாங்கள். அபிஷனும் உம்மோடை கதைக்கமாட்டான்."

"நீக்கிலாசுக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளப்பா."

"தெரியும்."

"தேப்பனும் உந்த வருத்தத்திலை போனவர்."

"தெரியுமப்பா. எனக்குத் தெரியும்," என்று நவரட்ணம் கண்ணை மூடினார். மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வடிந்தது. "இனி ஒருத்தருக்கும் வாய் திறக்காதையும். எனக்குச் சத்தியம் பண்ணும்."

ரதி சத்தியம் பண்ணவில்லை. மறுத்தும் பேசவில்லை. யன்னலடிக்குப் போனாள். கீழே கார்த்தரிப்பிடத்தில் நீக்கிலாப்பிள்ளை தன் காரின் மேல் ஏறியிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். பின் கண்ணாடியைத் துடைத்தான். பக்கக் கண்ணாடிகளைத் துடைத்தான். முன்கண்ணாடியில் பனி உறைந்திருந்தது போலும், குனிந்து நின்று சுரண்டத் தொடங்கினான். அதற்குப் பத்து நிமிடமாவது எடுக்கும். மின்தூக்கி கீழே போக இரண்டு நிமிடம். அதுகூட வேண்டாம், அவனுடைய இலக்கம் அவளுடைய தொலைபேசியில் இருந்தது. யன்னலடியில் நின்றபடியே எடுத்திருக்கலாம். 'தம்பி, மேலை வா, ஒரு கதை இருக்கு' என்றால் போதும், வந்திருப்பான்.

அவளுக்குள் ஒரு நிம்மதி பரவிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் தன்னை வெறுக்கவில்லை, போகும்போதும் தன்னைக் காப்பாற்றிவிட்டுத்தான் போகிறார் என்ற நிம்மதி. ஐயோ, இப்போது போய் இது வருகிறதே என்று அவள் தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டாள். குத்தியும் அது போகவில்லை.

நீக்கிலாப்பிள்ளை சுரண்டி முடித்து, பனி தள்ளிய தும்புத்தடியைப் பின்சீற்றில் எறிந்துவிட்டு, கையை வாயில் வைத்து ஊதிச் சூடாக்கினான். ஒருமுறை நிமிர்ந்து மாடிகளைப் பார்த்தான். அவளைக் கண்டானோ தெரியாது, சும்மா கையைக் காட்டினான். ரதியும் கையைக் காட்டினாள். கார் மெல்லப் பின்னுக்கு வந்து, திரும்பி, மார்க்கம் ரோட்டில் ஏறிப் பனிக்குள் போனது.

"ரதி," என்று நவரட்ணம் கூப்பிட்டார். "கொஞ்சம் கஞ்சி தாறீரே?"

முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் சாப்பாடு. ரதி குசினிக்குப் போய், கையில் இருந்த பையைக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டு, கஞ்சியை அடுப்பில் வைத்தாள்.